தியேட்டர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன்

கிணத்துமேடு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு 29 வயது. ஊர் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். ஆறு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், தங்கியிருப்பது லேடீஸ் ஹாஸ்டலில். என் அறைத் தோழியும் நானும் மாதத்துக்கு இரண்டு படமாவது தியேட்டரில் பார்த்துவிடுவோம். வைகாசியில் அவளுக்குக் கல்யாணமாகிச் சேலம் போய்விட்டாள். அதற்கப்புறம் நான் ஒரு படம்கூடப் பார்க்கவில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. ஒற்றை டிக்கெட் ஆன்லைனில் இரண்டு முறை எடுத்தேன். முதல் முறை அறையை விட்டே கிளம்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வாசல் வரைக்கும் போனேன். டிக்கெட் பார்க்கிற பையன் என் போனைப் பார்த்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "ஒருத்தர்தானுங்களா?" என்றான். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "இருங்க, வர்றாங்க" என்று சொல்லி ஒதுங்கி நின்றேன். யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஆட்டோ ஏறி வந்து படுத்துக்கொண்டேன்.

எனக்கு இருட்டு பயமில்லை, கூட்டமும் பயமில்லை. இடைவேளைதான் பயம். விளக்குப் போட்டதும் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிப் பேசுவார்கள். நான் யாரிடம் திரும்புவது? அப்புறம் இன்னொன்று. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் பாதிப்பேர் திருப்பூரில்தான் வேலை பார்க்கிறார்கள். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் அம்மாவுக்குப் போன் போய்விடும். "தனியாவா படம் பார்க்கிறா, என்ன வெசனமோ?" என்று. இதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பீளமேடு ஷிப்ட்:
பன்னிரண்டு வருடமாகத் தனியாகத்தான் படம் பார்க்கிறேன். ஐடி கம்பெனியில் இரவு வேலை, எனக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் யாருக்கும் ஓய்வு இருக்காது. முதல் ஆறு மாதம் எனக்கும் இதே கதைதான்.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். வெளியான முதல் வாரம் வேண்டாம். முதல் மூன்று நாள் விசில், பால், பேப்பர் எல்லாம் ரசிகர் கூட்டத்தோடு பார்க்க வேண்டியது, அங்கே தனி ஆள் தனியாகத் தெரிவார். இரண்டாம் வாரம், வார நாள், காலைக் காட்சி. நூறு இருக்கைக்குப் பதினைந்து பேர் இருப்பார்கள், அதில் நாலைந்து பேர் உங்களைப் போல ஒற்றை ஆள். வரிசையின் ஓரத்து இருக்கையை எடுங்கள். நடுவில் எடுத்தால் எழுந்து போக ஆறு பேர் முழங்காலைத் தாண்ட வேண்டும், அந்த நினைப்பே உட்காரவிடாது.

முதல் முறைக்கு மால் தியேட்டர் நல்லது. கோவை வர முடிந்தால் ப்ரூக்ஃபீல்ட்ஸோ புரோசோனோ போங்கள். மாலுக்குள் நடக்கிற யாரும் நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. துணி பார்க்க வந்தவர், காபி குடிக்க வந்தவர் என்று ஆயிரம் பேர். தனித் தியேட்டர் என்றால் வாசலில் நிற்பவர் எல்லாருமே படத்துக்கு வந்தவர்கள், அதனால் கூச்சமாக இருக்கும்.

கிணத்துமேடு:
ரொம்ப நன்றிங்க. ஆனால் வார நாள் எனக்குச் சரிப்படாது. எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. சனிக்கிழமை சம்பளம் போட்டால் ஞாயிறு திருப்பூரே தியேட்டரில்தான் இருக்கும்.

பவானி கூடுதுறை:
தப்பாக நினைக்காதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன். எதற்குக் கஷ்டப்பட்டு இதைப் பழக வேண்டும்? நம் பக்கம் சினிமா என்பது சேர்ந்து போகிற காரியம். குடும்பமாக ஒரு வண்டி கட்டிப் போவது, திரும்பி வரும்போது பரோட்டா சாப்பிடுவது, வழியெல்லாம் படத்தைப் பற்றிப் பேசுவது. பாதி சந்தோஷம் அந்தப் பேச்சில்தான். தனியாகப் பார்ப்பதென்றால் ஒரு மாதத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறது. துணையில்லாமல் போவதைச் சாதனை போல ஆக்குகிறோமோ என்று தோன்றுகிறது.

அம்முச்சி:
பவானித் தம்பி சொல்வது எனக்குப் புரிகிறது, நானும் அப்படித்தான் வளர்ந்தேன். எனக்கு 57 வயது, கோபி பக்கம். சின்ன வயதில் டூரிங் கொட்டாயில் பார்த்த படங்கள்தான். ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவுக்குச் சுவர். மணலைக் குவித்து உட்கார்ந்துகொள்வோம். தெருவில் இருக்கிற அத்தனை பெண்களும் சேர்ந்து போவோம். தனியாகப் போகிற பெண் என்று ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் சேர்ந்து போகும் ஆட்கள் எப்போதும் இருப்பார்களா தம்பி? எங்க வீட்டுக்காரருக்குத் தியேட்டர் சத்தம் ஆகாது. மகள் வெளிநாட்டில். 48 வயதில் முதல் முறை தனியாகப் போனேன். கண்ணு, நீ சொன்ன இடைவேளை இருக்கிறதே, அன்றைக்கு அந்தப் பத்து நிமிடமும் என் சேலை முந்தானையில் இருந்த ஜரிகைக் கட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு கட்டம். இன்றைக்கும் நினைவிருக்கிறது. படம் மறந்துவிட்டது.

இரண்டாம் முறை எண்ணவில்லை. எழுந்து போய் ஒரு டீ வாங்கினேன். கையில் சூடாக ஒரு டம்ளர் இருந்தால் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை எல்லாம் படித்தேன். அங்கே டீ விற்ற பெண்ணும் நானும் ஊர்ப்பேச்சு பேசினோம். மூன்றாம் முறை அவளே "வாங்கக்கா" என்றாள்.

வார்டு சிஸ்டர்:
மனநலப் பிரிவில் பதினான்கு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கிணத்துமேடு, அன்றைக்கு ஆட்டோவில் உட்கார்ந்ததும் நெஞ்சு அடங்கியதா? அடங்கியிருக்கும். சிக்கலே அங்கேதான். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், நாம் அதே இடத்தில் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். நீங்கள் உச்சியில் கிளம்பிவிட்டீர்கள். அதனால் "கிளம்பியதால்தான் தப்பித்தோம்" என்று உடம்பு எழுதி வைத்துக்கொண்டது. அடுத்த முறை வாசலுக்கு வரும் முன்னாலேயே மணி அடிக்கும். முதல் டிக்கெட்டுக்கு அறையை விட்டே கிளம்பவில்லை என்றீர்களே, அதுவும் இதுதான். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும்.

இதற்கு நாங்கள் சொல்வது படிப்படியாகப் போவது. தியேட்டர் ஏழாம் படி என்றால் முதல் படி எது? பேக்கரிதான். நம் ஊரில் பத்தடிக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. தனியாகப் போய், பார்சல் வாங்காமல், உட்கார்ந்து ஒரு டீயும் ஒரு பப்ஸும் சாப்பிடுங்கள். போனை எடுக்காதீர்கள். இது முக்கியம். போனைப் பார்ப்பது, காதில் இயர்போன் மாட்டுவது, யாருக்கோ காத்திருப்பது போல வாசலைப் பார்ப்பது எல்லாம் மறைந்துகொள்ளும் வழிகள். அதோடு பழகினால், "போன் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மனது கற்றுக்கொள்ளும். பேக்கரி சாதாரணமாகிவிட்டால் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. அப்புறம் படத்துக்குப் போகாமல் தியேட்டர் வாசலில் கால் மணி நேரம் நின்று போஸ்டர் பார்த்துவிட்டு வருவது. ஒவ்வொன்றையும் சலித்துப்போகும் வரைக்கும் செய்யுங்கள்.

எல்லாரும் பார்ப்பார்கள் என்ற நினைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கில்லோவிச் என்ற உளவியலாளரும் அவர் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சமான படம் அச்சிட்ட டீ சர்ட்டைப் போட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர்களைக் கேட்டால், பாதிப்பேர் என்று சொன்னார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கிட்டத்தட்ட கால் பங்குதான். இத்தனைக்கும் அது கண்ணை உறுத்துகிற சட்டை. நீங்கள் சுடிதார் போட்டுக்கொண்டு ஒரு இருக்கையில் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று பவானி அவர்களுக்கு. 2015 இல் ராட்னர், ஹாமில்டன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், தனியாக நடந்து வந்தவர்களையும் துணையோடு வந்தவர்களையும் ஓவியக் கூடத்துக்குள் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். தனியாக வந்தவர்கள் தங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்று முன்கூட்டியே நினைத்தார்கள். பார்த்துவிட்டு வந்த பிறகு கேட்டால் இரு தரப்புக்கும் ஒரே அளவு பிடித்திருந்தது. வரும்போது பேசிக்கொண்டு வருவது பெரிய சந்தோஷம்தான், மறுக்கவில்லை. அது இல்லாததால் படமே வேண்டாம் என்று விட்டுவிடுவது தேவையில்லாத இழப்பு.

ஆழியாறு:
சிஸ்டர் எழுதியதோடு என்னுடையதையும் சேர்க்கிறேன், ஏனென்றால் எல்லாப் பயமும் ஒன்றில்லை. எனக்கு யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே கிடையாது. கதவைச் சாத்தினால் மூச்சு அடைக்கும். ஒரு முறை படம் ஓடும்போதே கை மரத்துப்போய், மாரடைப்பு என்று நினைத்துத் தம்பியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இசிஜி எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம் பஸ்ஸில் வந்தது, லிஃப்டில் வந்தது, சந்தைக்கே போகாமல் ஆனேன். அதற்கு ஐந்து மாதம் மனநல மருத்துவரிடம் சிகிச்சை எடுத்தேன். இப்போது வெளியே போகும் கதவுக்கு அருகில் உட்கார்ந்து முழுப் படமும் பார்க்கிறேன். பேக்கரி, மெஸ் என்று பழகுவதற்கே முடியாத அளவுக்கு இருந்தால், தயவுசெய்து மருத்துவரைப் பார்த்துப் பேசுங்கள். பயந்து பயந்து மூன்று வருடத்தை நான் விட்டேன்.

வார்டு சிஸ்டர்:
ஆழியாறு சொன்னது ரொம்பச் சரி. வீட்டை விட்டு வெளியே வருவதே சுருங்கிக்கொண்டு போனால் அது வேறு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

உக்கடம் கடைசி பஸ்:
இங்கே ஒன்றை யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். பெண்ணுக்கு இதில் பாதி பயம், பாதி எச்சரிக்கை. எச்சரிக்கையைப் பயம் என்று நினைத்து அதையும் அடக்கிக்கொள்ளச் சொல்லக்கூடாது.

நான் நாலு வருடமாகத் தனியாகப் போகிறேன். ஒரு தியேட்டரில், பாதிப் படத்தில், பக்கத்து இருக்கை ஆளின் முழங்கை என் கை மேல் வந்தது. நகர்ந்தேன், மறுபடி வந்தது. முதலில் ஒரு பத்து நிமிடம் "தெரியாமல் படுகிறதோ" என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். எழுந்து நின்று சத்தமாகவே "கையை எடுங்க" என்றேன். முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பி, "இங்க வா சாமி, எங்கூட உக்காரு" என்று தன் பையை எடுத்து இடம் கொடுத்தார். டார்ச் பிடிக்கிற ஊழியரிடம் சொன்னதும் அந்த ஆளை வெளியே அனுப்பினார்கள்.

அதிலிருந்து ஆன்லைனில் இருக்கைப் படத்தைப் பார்த்துக் குடும்பமாக நாலைந்து இருக்கை எடுத்திருக்கும் வரிசையில்தான் ஓர இருக்கை எடுக்கிறேன். இரண்டாம் ஆட்டம் போவதில்லை. படம் விடும் நேரத்துக்கு டவுன் பஸ் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் 2021 இல் வந்த பிறகு எனக்குப் போக்குவரத்துச் செலவே இல்லை. அறைத் தோழி ஒருத்திக்கு எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று ஒரு வரி அனுப்பிவிடுவேன். பெண்கள் உதவி எண் 181 போனில் இருக்கிறது. இதெல்லாம் பயமில்லை, ஏற்பாடு. ஏற்பாடு செய்துவிட்டால் எனக்குப் படம் பார்க்க மனது இடம் கொடுக்கிறது.

கிணத்துமேடு, உங்களுக்கு ஞாயிறு காலைக் காட்சிதான் சரி. மூன்றாம் வாரப் படமாக எடுங்கள். ஞாயிறு காலையில் பாதி ஊர் கறிக்கடையில் நிற்கும், மீதி தூங்கும்.

வெரைட்டி ஹால் ரோடு:
தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் இந்தப் பேச்சுக்கு ஒட்டும் என்று நினைக்கிறேன். கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வேயில் வரைபட வேலையில் இருந்தார். 1905 இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914 இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார், தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர் என்று சொல்லப்படுவது அதுதான். தெருவுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், அன்றைக்கு உள்ளே போன எல்லாருக்குமே அது பழக்கமில்லாத காரியம். முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில், இருட்டில், ஒரே திசையைப் பார்த்து உட்காருவது என்பதை நம் ஊர் சனங்கள் புதிதாகப் பழகியிருக்கிறார்கள். கோயிலில் அப்படி உட்கார மாட்டோம், கல்யாணத்திலும் உட்கார மாட்டோம். தியேட்டரில் மட்டும்தான். பவானி நண்பர் சொல்கிற குடும்பக் கூட்டம் உண்மைதான், ஆனால் விளக்கு அணைந்த பிறகு நகைச்சுவைக் காட்சியில் முந்நூறு பேர் ஒன்றாகச் சிரிக்கும்போது, யார் யாரோடு வந்தார் என்பதற்கு அங்கே வேலை இல்லை. வீட்டில் ஓடிடியில் கிடைக்காதது அதுதான்.

பவானி கூடுதுறை:
அந்தச் சிரிப்பு பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். அம்முச்சி அவர்கள் கேட்டதும் மனதில் நின்றுவிட்டது. அப்பா போன பிறகு என் அம்மா ஒரு படமும் தியேட்டரில் பார்க்கவில்லை, நான் கூப்பிட்டும் வருவதில்லை. "யாரோட போறது" என்பார். நான் பக்கத்தில் இருந்தும் அவருக்கு அது தனியாகப் போவதுபோலத்தான் இருக்கிறது போல. இதை நான் யோசித்ததே இல்லை.

அம்முச்சி:
அம்மாவிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லாதே தம்பி. "எனக்குத் துணைக்கு வாங்கம்மா" என்று கேட்டுப் பார்.

கிணத்துமேடு:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், நடுவில் இரண்டு வாரம் எதுவுமே செய்யவில்லை. ஆடிட் வேலை என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பேக்கரிக்கு ஒன்பது முறை போனேன். முதல் முறை பப்ஸை மூன்றே கடியில் விழுங்கிவிட்டு எழுந்துவிட்டேன், வாய் வெந்துவிட்டது. நாலாவது முறைக்கப்புறம் கடைக்காரர் கேட்காமலேயே சர்க்கரை கம்மியாக டீ வைத்தார். மெஸ் கஷ்டமாக இருந்தது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடும்போது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இலையையே பார்த்தேன். இரண்டாம் முறை அவர் ரசத்தை என் பக்கம் தள்ளிவைத்தார், அவ்வளவுதான் நடந்தது.

போன ஞாயிறு காலைக் காட்சி, மூன்றாம் வாரப் படம். வாசலில் அதே பையன். "ஒருத்தர்தானுங்களா?" என்று அதேபோலக் கேட்டான். நெஞ்சு அதேபோல அடித்தது. "ஆமாங்க, ஒருத்தர்தான்" என்றேன். டிக்கெட்டைப் பார்த்து, "இடது பக்கமுங்க" என்று கையைக் காட்டினான். அவன் எல்லாரிடமும் அதைத்தான் கேட்கிறான். எனக்குப் பின்னால் வந்த பெரியவரிடமும் கேட்டான், அவரும் ஒருத்தர்தான்.

முதல் அரை மணி நேரம் படம் எனக்குள் போகவில்லை. இடைவேளை எப்போது வரும் என்றே இருந்தது. விளக்குப் போட்டார்கள். போனை எடுக்கக் கை போனது, எடுக்கவில்லை. சிஸ்டர் சொன்னது நினைவிருந்தது. அம்முச்சி சொன்னபடி எழுந்து போய் டீ வாங்கி நின்றேன். அப்போது முதுகுப் பக்கம் குரல். "ஏங்கண்ணு, நீ அந்தத் தோட்டத்து வீட்டுப் புள்ளைதானே? ஒருத்தியாவா வந்திருக்கறே?"

எங்களுக்கு அத்தை முறை ஆகிற ஒருத்தர். பேரனோடு வந்திருக்கிறார். ஐந்து மாதமாக எதை நினைத்துப் பயந்தேனோ அதுவே கண்முன்னால் நிற்கிறது. காது சூடாகிவிட்டது. "ஆமாங்கத்தை, ஞாயித்துக்கிழமை லீவுங்க, படம் பார்க்க வந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர், "இந்தக் காபியப் பிடி, இவன் ஒண்ணுக்குப் போகோணுங்கறான்" என்று டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் பேரனை இழுத்துக்கொண்டு போனார். நான் ஒரு கையில் டீயும் ஒரு கையில் காபியுமாக நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்து காபியை வாங்கிக்கொண்டு, படத்தில் அந்தத் தங்கச்சி வேடத்துப் பெண் செத்துவிடுவாளா என்று கேட்டார். எனக்கும் தெரியாதுங்கத்தை என்றேன். இரண்டாம் பாதி நன்றாகப் பார்த்தேன். அழுதேன்கூட.

சாயங்காலம் அம்மா போன் செய்தார். எதிர்பார்த்ததுதான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சொல்லீட்டுப் போயிருக்கலாமில்ல" என்றார். கோபம் இருந்தது குரலில். அப்புறம் மத்தியானம் எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டார். மெஸ் பெயரைச் சொன்னேன். அங்கேயும் தனியாகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னும் அவருக்குச் சமாதானமில்லை, அது ஒரே நாளில் ஆகாது.

உக்கடம் கடைசி பஸ்:
கண் கலங்கிவிட்டதுங்க. அடுத்த ஞாயிறு எந்தப் படம்?

கிணத்துமேடு:
திருப்பூரில் போவேன், அது இனி முடியும். காங்கேயத்தில், எங்கள் ஊர் ஆட்கள் மட்டுமே வருகிற தியேட்டரில் தனியாக உட்கார்வதை நினைத்தால் இப்போதும் வயிறு கலக்குகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போவேன். அப்போது வாசல் வரைக்கும் போய்ப் போஸ்டர் மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.